நீலத் துணியின் ஓரத்தில் ஒரு மிளகாய்

தம்பி,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீ "என்னய்யா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாய். நானும் "சாப்ட்டேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லவும் எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் உன் பழைய காலேஜ் நோட்டில் மிச்சம் கிடந்த தாள்களைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பா பிறந்த ஒன்பதாம் நாள், உன் மாமனார் வீட்டில் படம் எடுத்தபோது, கன்னம் சிவந்து மூச்சுப் பிடித்து அழுதாளே, அதற்குக் காரணம் அந்த போட்டோ எடுக்கிற பொண்ணு நஸ்ரின் கொண்டுவந்த துணி இல்லை. நான்தான். அவள் கடையின் பேருக்குக் கீழே நீ போனில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'பிறந்த பிள்ளையை இவர்களை நம்பிக் கொடுக்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதை நீ எடுக்க வேண்டும். எடு என்று சொல்வதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் ஏன் நடந்தது என்று சொல்ல வேண்டும். ஏன் என்பதற்கு ஒரே வார்த்தைதான். பொறாமை. அறுபத்துநாலு வயசில் உன்னைப் பெற்ற அய்யாவுக்கு உன் மாமனார் மேல் பொறாமை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். மேலே படித்தால் வராது.

இந்தப் புத்தி எனக்கு இன்று நேற்று வந்ததில்லை. உனக்கு மொட்டை போட்டுக் காது குத்திய படம் ஒன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே, அதை எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். நடுவில் உன் தாய்மாமன். அவன் மடியில் நீ, தலையில் சந்தனத்தோடு வாயைப் பிளந்து அழுகிறாய். ஒரு பக்கம் உன் அம்மா, மறுபக்கம் ஆசாரி. படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது யாருடையது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அது என்னுடையது. மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது முறை, யாரும் மாற்ற முடியாது. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வயிறு எரிந்தது. நீ பிறந்து ஒரு வருஷம் ஆகும்வரை படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லி யாரும் உன்னை ஒரு படம்கூட எடுக்க விடவில்லை. முதன்முதலாக எடுத்த படத்தில் நீ இன்னொருத்தன் மடியில் இருக்கிறாய். அன்று சாப்பாட்டுப் பந்தியில் உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று ஒன்றுமில்லாததற்கு உன் மாமனோடு சண்டை இழுத்தேன். நாலு வருஷம் அவன் நம் வாசலை மிதிக்கவில்லை. உன் அம்மா அந்த நாலு பொங்கலுக்கும் பொறந்த வீட்டுச் சீர் இல்லாமல் இருந்தாள். காரணம் பந்திச் சோறு என்றுதான் ஊரே நம்பியது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு பாப்பா பிறந்தாள். முதல் பிரசவம் பொண்ணு வீட்டில்தான், அதுவும் முறைதான். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரி, ராமநாதபுரத்தில் உன் மாமனார் வீடு. நாங்கள் இங்கே சாயல்குடிக்குத் தெற்கே களத்தில் மிளகாயைக் கிண்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தி வந்ததும் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தேன்: சேனை நான்தான் வைக்க வேண்டும். பிள்ளை நாக்கில் முதலில் யார் சீனித்தண்ணி தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். உன் மாமனார் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நம்மைப் பார்த்தால்கூடப் பரீட்சைப் பேப்பரைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். அந்தக் குணம் என் பேத்திக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்து ஓடி வந்தேன். அங்கே போனால் நர்ஸ் நின்றுகொண்டு, "தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு எதுவும் குடுக்கக் கூடாது, பெரியவங்க யாரும் அந்த வேலை பாக்காதீங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். உன் மாமனார் கையிலும் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் இருந்தது. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தைவிட அது ஒரு பிடி கூட என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நிஜம்.

மூன்றாம் நாள் நீ போனில் எல்லோரையும் சேர்த்துப் பேச வைத்தாய். உன் பெண்டாட்டி கட்டிலில், நீ பக்கத்தில், உன் மாமனார் மாமியார் சோபாவில், நானும் உன் அம்மாவும் இங்கே. அந்தப் பக்கம் நஸ்ரின். பிறந்த பிள்ளைகளை மட்டும் படம் எடுக்கிற பொண்ணு, அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில் பச்சைப் பிள்ளைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்று சொன்னாய். அவள் பேசினாள். முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்தால்தான் பிள்ளை உடம்பில் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த வாகு இருக்கும், நன்றாகத் தூங்கும் என்றாள். பால் கொடுத்து அரை மணி கழித்துத்தான் ஆரம்பிப்பேன், ஏசி ஓடக் கூடாது, ஃபிளாஷ் அடிக்க மாட்டேன், ஜன்னல் வெளிச்சம் போதும் என்றாள். தொடுகிறவர்கள் நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றாள். சளி பிடித்தவர்கள் அறைக்குள் வரக் கூடாது. பிள்ளை எந்த நிலையில் இருந்தாலும் ஒரு கை அதைத் தொட்டபடி இருக்க வேண்டும். "அந்தக் கைய நான் பெறகு கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கிருவேன், படத்துல பாப்பா தனியா இருக்க மாதிரித்தான் தெரியும். நெசத்துல ஒரு நொடிகூடத் தனியா விட மாட்டேன்" என்றாள்.

அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்தாலும் வாய் சும்மா இருந்ததா? "பதினாறு கழியாம எதுக்குப்பா படம்? தீட்டு கழியட்டும்" என்றேன். தம்பி, எனக்குத் தீட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பதினாறு கழிந்தால் நம் வீட்டில் வைத்து எடுக்கலாமே என்கிற நப்பாசை. உன் மாமனார் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பழைய காலம் சம்பந்தி" என்றார். சிரித்ததுதான் சுட்டது.

நஸ்ரின் எல்லோரிடமும் யோசனை கேட்டாள். என்ன மாதிரி எடுக்கலாம், ரெண்டு குடும்பத்துக்கும் சொந்தமானது ஏதாவது உண்டா என்றாள். நான் முந்திக்கொண்டேன். "எங்க களத்துல மிளகா காயுதும்மா. ஒரு ஏக்கர் சேலைய விரிச்சாப்பில செவப்பா கெடக்கும். அதுக்கு நடுவுல வெள்ளத் துணியில எம் பேத்தி படுத்திருந்தா எப்படி இருக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அய்யா, பாப்பாவுக்குப் பக்கத்துல மிளகா வரவே கூடாது, நெடிகூட ஆகாது. ஆனா களத்த நான் தனியா வந்து எடுத்துக்கிறேன், பாப்பாவ இங்கன எடுத்துக்கிறேன், ரெண்டையும் சேத்துரலாம். நல்ல யோசனதான்" என்றாள். எனக்கு ஒரு அடி வளர்ந்த மாதிரி இருந்தது.

அடுத்த நொடி உன் மாமனார், "குழந்தை படத்துல மிளகாயா? திருஷ்டி சுத்திப்போட்ட மாதிரில்ல இருக்கும்" என்றார். நீ சிரித்தாய். உன் பெண்டாட்டி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் அம்மாகூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்து வைத்தேன். கடைசியில் அவர் யோசனைதான் நின்றது: கடல். நீலத் துணி, சிப்பி, ராமேஸ்வரத்தில் வாங்கிய சின்ன மரப்படகு. முழங்கால் தண்ணீரில் நிற்கப் பயப்படுகிற மனுசனுக்குக் கடல் எப்படிச் சொந்தமாயிற்று என்று நான் உன் அம்மாவிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். "வயசான காலத்துல ஒங்களுக்கு எதுக்குங்க இந்த ஆங்காரம்?" என்றாள். அவர் அதோடு நிற்கவில்லை. முந்தின நாள் எனக்குப் போன் போட்டு, "மிளகாய் பறிக்கிற நேரம், நீங்க அலைய வேணாம் சம்பந்தி, படம் வந்ததும் அனுப்பி வைக்கிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அது, நீ வராதே என்று கேட்டது.

மறுநாள் காலையில் கிளம்பும்போது களத்தில் குனிந்து நல்ல குண்டு மிளகாய் வத்தலாக மூன்று பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டேன். எதற்கு என்று கேள். யாரும் பார்க்காத நேரத்தில் அந்த நீலத் துணியின் ஓரத்தில் ஒன்றை வைத்துவிட வேண்டும். பிள்ளைக்கு எட்டாத தூரத்தில்தான், ஓரத்தில்தான். படம் பெரிதாகிச் சுவரில் மாட்டின பிறகு, அத்தனை நீலத்துக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். இது என்ன என்று யாராவது கேட்பார்கள். அப்போது நான் சொல்வேன். இவ்வளவுதான் என் திட்டம். பஸ் திருப்புல்லாணியில் நின்றபோது ஒரு நல்ல புத்தி வந்தது, ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று. பஸ் கிளம்பிவிட்டது. போடவில்லை.

அன்றைக்கு நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. ஏசியை அணைத்த அறையில் உன் மாமனார் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார், எனக்கு அது ஒரு சந்தோஷம். படகில் பிள்ளையைக் கிடத்தச் சொன்னார். "இல்ல சார், விளிம்பு இருக்கு, படகத் தனியா எடுத்துச் சேத்துக்கிறேன்" என்றாள் நஸ்ரின். அது இரண்டாவது சந்தோஷம். முதலில் உன் மாமனாரும் மாமியாரும் பாப்பாவை மடியில் வைத்து எடுத்துக்கொண்டார்கள். நம்முடைய முறை கடைசியில் என்று சொன்னார்கள். உன் அம்மாவுக்கு அன்று ஜலதோஷம், வாசல்படியிலேயே நின்றுகொண்டாள். நான் சொன்னபடி முழங்கை வரை கழுவினேன். நன்றாகத்தான் கழுவினேன். பிறகு எல்லோரும் பாப்பாவுக்குப் பால் கொடுக்கிற அறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பையிலிருந்து ஒரு வத்தலை எடுத்தேன். உருண்டுவிடாமல் நிற்க வேண்டுமே என்று காம்பைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினேன். சிப்பிக்குப் பின்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது, நாற்பது வருஷமாகக் கிள்ளுகிற காம்பு. நமக்கு அந்தக் காரம் தெரியாது. கையும் எரியாது, மூக்கும் எரியாது.

பால் குடித்துத் தூங்கிவிட்ட பாப்பாவைத் தூக்கி வந்தார்கள். நீ வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய். நஸ்ரினோடு வழக்கமாக வருகிற தங்கச்சிக்குக் காய்ச்சல், அதனால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பாப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, கன்னத்துக்கு அடியில் கையை மடக்கி வைத்தாள். தலையைத் தாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றாள். உன் மாமனார் எழுந்து வந்தார். அவர் கையைப் பார்த்தாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒங்களுக்குக் கை லேசா நடுங்குது" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அய்யா, நீங்க வாங்க."

தம்பி, அந்த வருஷத்திலேயே என் காதில் விழுந்த நல்ல சொல் அதுதான். அவர் பின்வாங்கினார், நான் முன்னால் போனேன். "கை கழுவிட்டீங்கள்ல?" என்றாள். "கழுவிட்டேன்மா" என்றேன். பொய் இல்லை. ஆனால் கழுவின பிறகு என்ன தொட்டேன் என்பது எனக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது. நீ இந்த வரியைத்தான் திரும்பப் படிக்க வேண்டும். ஞாபகம் வந்தது. இரு வாரேன், இன்னொரு தடவை கழுவிட்டு வாரேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குள் உன் மாமியாரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த இடம் போய்விடும். கட்டைவிரலை வேட்டியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டேன். துடைத்தது போதும் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். பேத்தியைவிட அந்த இடம் எனக்குப் பெரிதாகிவிட்டது.

அவள் தலை என் உள்ளங்கையில் வந்தது. வெதுவெதுப்பாக, ஒரு கனமும் இல்லாமல். நஸ்ரின் நாலைந்து படம் எடுத்தாள். "ஒங்க கை படத்துல வராதுங்கய்யா, அழிச்சிருவேன்" என்றாள். "வராட்டி என்னம்மா" என்றேன். அதிலும் ஒரு குத்தல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாப்பா லேசாகத் தலையை அசைத்தாள். என் கட்டைவிரல் அவள் கன்னத்தில் பட்டது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. நிறம் மாறி, கால் விறைத்து, சத்தமே வராமல் வாய் மட்டும் திறந்து கிடந்தது. உன் பெண்டாட்டி தையலோடு எழுந்து ஓடி வந்தாள். கன்னத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்பு. நஸ்ரின் உடனே ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கு எடுங்க" என்றாள். அங்கே டாக்டர், முகத்தில் என்ன பட்டது என்று கேட்டார். எல்லோரும் கூடவே வந்திருந்த நஸ்ரினைப் பார்த்து, உன் துணிதான் என்றார்கள். "பிள்ளைகளுக்குப் போடுற சோப்புல, வெந்நீர்ல அலசி வெயில்ல காயப் போட்டதுங்க" என்றாள். "அப்ப நாங்க பொய் சொல்றமா?" என்றார் உன் மாமனார். "மொதல்ல கெளம்புங்க இங்கருந்து" என்றாய் நீ. நான் வாய் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் தெரியுமா? "இதுக்குத்தான் பதினாறு கழியட்டும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றேன். உன் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்து அப்போதும் உள்ளே ஒரு ஓரத்தில் எனக்கு நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரியில் என் பேத்தி அழுதுகொண்டிருக்கும்போது.

சாயங்காலத்துக்குள் சிவப்பு வடிந்துவிட்டது. இன்னும் ஒரு விரல் மேலே பட்டிருந்தால் கண். அதை நினைக்காத நாள் இல்லை. அன்றைக்கு உன் மாமனார் வீட்டுக்குத் திரும்பியதும், நஸ்ரின் தன் சாமான்களை எடுக்க வருவதற்கு முன்னால், முதல் வேலையாகத் துணிக்கு அடியில் கிடந்த வத்தலைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கள்ளனுக்கு இருக்கிற புத்தி அது. மறுநாள் உன் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்துப் பையைத் திருப்பினாள். "என்னங்க, பையில வெத கெடக்கு" என்றாள். "களத்துல விழுந்திருக்கும்" என்றேன். "இது ராமநாதபுரத்துக்குப் போட்டுட்டுப் போன சட்டைல்ல" என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குக் கிளம்பிவிட்டேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாப்பாடு போடும்போது என் கையைப் பார்த்துவிட்டுத்தான் தட்டை வைக்கிறாள்.

நீ ஒற்றை நட்சத்திரம் போட்டதை எனக்குப் போனில் பெருமையாகச் சொன்னாய். "இனி ஒருத்தரும் அவகிட்டப் போகமாட்டாங்கய்யா" என்றாய். ஆமப்பா, ஆமப்பா என்றேன். அதற்குப் பிறகு எனக்குக் களத்தில் கால் நிற்கவில்லை. போன வியாழக்கிழமை மிளகாய் மூட்டையை விலைக்குப் போட ராமநாதபுரம் போனவன், மார்க்கெட்டில் இருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் ஸ்டுடியோ. துணிகளை மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நீலத் துணியும் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கய்யா, உக்காருங்க. பாப்பா எப்படி இருக்கா?" என்றாள். என்னம்மா பெட்டி கட்டுற என்று கேட்டேன். வரவேண்டியவர்கள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். திரும்ப ஆஸ்பத்திரி வேலைக்கே போகப் போகிறாளாம்.

உட்காராமலே சொன்னேன். "அன்னைக்கு நடந்தது ஒன் துணியால இல்லம்மா. எங் கையில மிளகா இருந்துச்சு."

"தெரியும்யா" என்றாள்.

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து அன்றைக்கு எடுத்த படத்தைக் காட்டினாள். பெரிதாக்கினாள். என் கட்டைவிரல் நகத்துக்குள் சிவப்பாக ஒரு கோடு. துணி ஓரத்தில் சிப்பிக்குப் பின்னால் ஒரு வத்தல். எந்தச் சிவப்புப் புள்ளியை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று வைத்தேனோ, அதை அவள் ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

"அன்னைக்கே பாத்துட்டேன். ஒடனே ஒங்க மருமகளுக்குப் போன் பண்ணி, கண்ணு செவந்திருக்கா, தொறந்து பாக்குதான்னு கேட்டேன். நல்லாருக்குன்னு சொன்னாங்க. கண்ணுல பட்டிருந்தா மறைச்சிருக்க மாட்டேன்யா, ஒங்களுக்காகன்னாலும்" என்றாள்.

"பெறகு ஏம்மா சொல்லல? எம் மகன்கிட்ட இதக் காட்டியிருந்தா ஒம் பேரு கெட்டிருக்காதுல்ல?"

"காட்டுனா அடுத்த தடவ ஒங்க கையில பிள்ளையக் குடுப்பாங்களாய்யா?" என்றாள். "எனக்கு வேற வேலை கெடைக்கும். ஒங்களுக்கு வேற பேத்தியா இருக்கா?"

அவள் வீட்டில் வைத்தே அழுதுவிட்டேன். உன் கல்யாணத்தில் அழவில்லை, நீ ஓசூருக்கு வேலைக்குப் போனபோது அழவில்லை. யாரோ பெற்ற பிள்ளை, எனக்காகத் தன் வாயைக் கட்டிக்கொண்டு பெட்டி கட்டுகிறாள். நான் என் பேத்தியைத் தாங்குகிற ஒரு நிமிஷத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றவன். கிளம்பும்போது அந்தப் படத்தை, கையை அழிக்காமலே ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். "ஒங்களுக்குன்னு ஒண்ணும் எடுக்கலையே அன்னைக்கு" என்றாள். ஒரு வாரமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். களத்து மேட்டில் நின்று எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். அத்தனைக்குப் பிறகும் நஸ்ரின் அனுப்பிவைத்து, உன் மாமனார் வீட்டுச் சுவரில் தொங்குகிற படத்தைவிட இதுதான் நல்ல படம். இப்படி எழுதும்போதும் பார், ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. இந்தப் புத்தி போகவே போகாது போலிருக்கிறது.

உனக்கும் ஒரு நாள் இது வரும். பாப்பா உன்னைவிட்டு வேறு யார் மடிக்கோ ஓடுவாள், உனக்கு வயிறு எரியும். எரிந்தால் எரிகிறது என்று உன் பெண்டாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. கேலி செய்வாள், செய்யட்டும். சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு அலையாதே. நான் உன் மாமனிடம், எனக்கும் ஒரு படம் வேண்டும் மச்சான், பிள்ளையைக் கொஞ்சம் என் மடியில் கொடு என்று அன்றைக்கே கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். உன் மாமனாரிடம் கேட்டிருந்தால் அவரும் கொடுத்திருப்பார். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த நட்சத்திரத்தை எடு. எடுத்தால் மட்டும் போதாது, நடந்தது இதுதான், தப்பு எங்கள் வீட்டு ஆள் மேல் என்று அதே இடத்தில் எழுது. யாருடைய தப்பு என்று கேட்டால் என் பேரைச் சொல். உன் மாமனாரிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. அவரைத் தலைகுனிய வைத்தது நான், அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தட்டும். பாப்பாவின் நூறாவது நாளுக்கு நஸ்ரினையே கூப்பிடு. கூப்பிடுவதற்கு முன்னால் நீயும் உன் மாமனாரும் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், பாப்பாவைத் தொட வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கழுவிட்டியா என்று கேட்காதே. கண் முன்னால் கழுவச் சொல்.

மூன்று மாசம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை முதன்முதலாக நம் வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள். உன் அம்மா வீடு முழுக்க இரண்டு தடவை கழுவிவிட்டாள். இருந்த மூட்டை எல்லாம் போய்விட்டது, ஒரு வத்தல்கூட இல்லை. இதைப் படித்த பிறகு அவளை என் கையில் கொடுக்க உனக்கு மனசு வராமல் போகலாம். வராவிட்டால் உன் அம்மா கையில் கொடு. நான் கோபிக்க மாட்டேன், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன். ஓசூருக்குப் போகும்போதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வாரேன்.

நஸ்ரின் கொடுத்த படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் மாமனார் நம்ப மறுத்தால் கட்டைவிரல் நகத்தைக் காட்டு. திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பாப்பாவும் நானும் சேர்ந்திருக்கிற படம் அது ஒன்றுதான்.

உன் அய்யா